கவிதையும் காணிக்கையும்

கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரியும் இளம்பெண் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய தந்தை மீன்பிடிக்கக் கடலுக்குச் சென்று திரும்பாதவர். உடலும் கரை சேரவில்லை. சில ஆண்டுகள் அதைப் பற்றி வாய் திறவாதிருந்த மகள், ஓர் இரவு தந்தையைக் குறித்துக் கவிதை ஒன்று எழுதி இணையத்தில் வெளியிட்டார். பலரும் படித்தனர். முன்பின் அறியாத ஒருவர், தம் தந்தையை நினைத்து அழுததாக இரண்டு வரி எழுதி, பணம் அனுப்பும் வழியைக் கேட்டறிந்து, 500 ரூபாயும் அனுப்பிவைத்தார். மின்னூலாக வெளியிட்டால் விலை கொடுத்து வாங்குவோம் என்று வேறு சிலர் எழுதினர். மகிழ்ச்சியோடு இதைத் தாயிடம் சொன்னபோது, மீன் கழுவிக்கொண்டிருந்த தாய் நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "அப்பா செத்தத எழுதியா காசு வாங்குன?"

அந்தக் கேள்விக்கு மகளிடம் பதில் இல்லை. அன்று நம்மிடமும் இல்லை. ஆனால் அது அந்த ஒரு வீட்டின் கேள்வியன்று என்பதை மட்டும் உணர்ந்தோம். கவிதை எழுதிப் பொருளீட்டும் வழிகளை இணையம் இன்று எளியவருக்கும் திறந்து வைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் அந்த வாசலில் நிற்கின்றனர். உள்ளே செல்வது தகுமா, தகுமெனில் எப்படிச் செல்வது என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைந்துவிடுவோம். பழங்காலத்தில் கவிஞர்கள் பொருளை நாடாமல் பாடினார்கள் என்றும், இக்காலத்தில்தான் கவிதை சந்தைக்கு வந்துவிட்டது என்றும் பலர் எண்ணுகின்றனர். இது உண்மையன்று. பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து பாடல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வதே ஆற்றுப்படையின் இயல்பு. வயிற்றைப் பற்றிப் பேச நம் மூதாதையர் நாணவில்லை. ஒருவன் பெற்ற வாழ்வை இன்னொருவனும் பெறட்டும் என்பதே அங்கு அறமாக இருந்தது.

ஆனால் அதே புலவர் மரபு பரிசிலை மறுக்கவும் அறிந்திருந்தது. அதியமானைக் காணச் சென்ற பெருஞ்சித்திரனாருக்கு, அவரை நேரில் காணாமலேயே மன்னன் பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்கவில்லை. தம்மைக் கண்டறியாமல் கொடுத்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வாணிக நோக்கில் வந்த பரிசிலர் அல்லர் என்றும், தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவாயினும் போதும் என்றும் சொல்லிவிட்டார். புறநானூற்றின் 208ஆம் பாடல் இச்செய்தியைத் தருகிறது. அவர் மறுத்தது பொருளையன்று. முகம் பாராத பொருளையே மறுத்தார்.

எழுத்துக்கும் வயிற்றுக்கும் இடையே வேறு வழி கண்டவர்களும் உண்டு. நம் கத்தோலிக்கச் சமூகத்தில் பிறந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். நீதிமன்றம் அவருக்குச் சோறிட்டது. கீர்த்தனைகளையும் நீதி நூலையும் அவர் தமிழுக்குத் தந்தார். பாரதியாருக்கோ அத்தகைய நிழல் வாய்க்கவில்லை. தம் எழுத்துகள் அனைத்தையும் 40 பகுதிகளாக அச்சிட எண்ணி, 1920இல் அன்பர்களிடம் பண உதவி கேட்டு வேண்டுகோள் விடுத்தார். அது கைகூடவில்லை, அடுத்த ஆண்டே மறைந்தார். அவருடைய நூல்களின் உரிமையை 1949இல் அரசு விலைகொடுத்துப் பெற்றது. வாழ்ந்தபோது பாட்டுக்குக் கூலி கொடாத சமூகம், மறைந்தபின் பாட்டின் உரிமைக்கு விலை பேசியது. பொருளை நாடாத கவிஞரைப் போற்றும் நாம், அவர் பட்டினி கிடந்ததில் நமக்கும் பங்கு உண்டா என்று கேட்டுக்கொள்வதில்லை.

எனினும் தாயின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. மற்றத் தொழில்களுக்கு இல்லாத கூச்சம் கவிதைக்கு மட்டும் ஏன்? கவிதை கொடையாக வருகிறது என்ற உணர்வே அதற்குக் காரணம். கொடையாகப் பெற்றதை விற்கலாமா?

மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் இங்கு நமக்கு வியப்பளிக்கிறது. சீடர்களை அனுப்பும்போது, கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே வழங்குமாறு இயேசு எட்டாம் வசனத்தில் பணிக்கிறார். இரண்டே வசனங்கள் கடந்து, வேலை செய்பவருக்கு உணவு பெறும் உரிமை உண்டு என்கிறார். இவ்விரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

இம்முடிச்சை அவிழ்க்கப் புனித தோமா அக்குவினா துணைபுரிகிறார். அறிவு கடவுளின் கொடை, ஆகவே அதை விற்றல் ஆகாது என்ற கருத்து இடைக்கால ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. அப்படியானால் வழக்கறிஞர் கட்டணம் பெறலாமா என்ற கேள்வியை அவர் தம் இறையியல் தொகுப்பில் எழுப்புகிறார். சட்ட அறிவு ஆன்மாவைச் சார்ந்ததாயினும், அதைப் பயன்படுத்துவது உடலின் உழைப்பால் நிகழ்கிறது. அந்த உழைப்புக்குக் கூலி பெறலாம். பெறக்கூடாதெனில் எந்தக் கைவினைஞரும் தம் கலையைக் கொண்டு பிழைக்க இயலாது என்பது அவருடைய விடையின் சாரம். கூலிக்கு அளவும் வகுக்கிறார். கொடுப்பவரின் நிலை, செய்த உழைப்பு, நாட்டு வழக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மிகையாகப் பறிப்பது அநீதி என்கிறார்.

இதைக் கவிதையின்மேல் வைத்துப் பார்ப்போம். தந்தையை இழந்த துயரம் அந்த மகள் உண்டாக்கியதன்று. அத்துயரினூடே ஒரு நொடியில் தோன்றிய காட்சியும் அவர் உழைத்துப் பெற்றதன்று. ஆனால் ஒரு சொல்லைப் பத்து முறை மாற்றியதும், மிகையான உவமையை அடித்ததும், பொய்யாக ஒலித்த முடிவை நீக்கிவிட்டு மூன்று இரவுகள் விழித்திருந்ததும் அவருடைய உழைப்பே. தச்சர் மரத்தைப் படைக்கவில்லை. ஆயினும் சவப்பெட்டிக்குக் கூலி பெறுகிறார். அதைச் சாவை விற்பதாக நாம் சொல்வதில்லை. துயரத்துக்கு விலை இல்லை. துயரத்துக்கு வடிவம் தந்த உழைப்புக்குக் கூலி உண்டு.

இனி, இணையச் சந்தையில் உண்மையில் எது விற்கப்படுகிறது என்று பார்ப்போம். அங்குள்ள வழிகள் எல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல.

மின்னூல் ஒரு வழி. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் தளத்தில் எவரும் தம் நூலைத் தாமே வெளியிடலாம். அங்கு நூலின் விலையில் 35 அல்லது 70 விழுக்காடு, விதிமுறைகளுக்கு ஏற்ப, எழுதியவருக்குச் சேரும். இது நூல் விற்கும் பழைய முறையே. ஆனால் அதே நிறுவனத்தின் சந்தா நூலகத்தில் கணக்கு வேறு. 2015 முதல் அங்கு வாசகர் படித்து முடித்த பக்கங்களை எண்ணியே பணம் பங்கிடப்படுகிறது. ஏழு சீரில் உலகை அடக்கிய குறள் மரபில் வந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றும். நீட்டினால் பணம், சுருக்கினால் நட்டம்! சுருங்கச் சொல்லலே அழகு என்ற கலைக்கு இதைவிடப் பொருந்தாத அளவுகோல் இருக்க முடியுமா? மேலும், அந்த நூலகத்தில் சேர்த்த மின்னூலை வேறெங்கும் மின்வடிவில் தருதல் ஆகாது என்பது நிபந்தனை. நண்பர்கள் இலவசமாகப் படிக்கட்டும் என்று வேறொரு தளத்தில் வைக்கவும் இயலாது.

சந்தா இரண்டாம் வழி. 2013இல் தோன்றிய பேட்ரியான், 2017இல் தோன்றிய சப்ஸ்டாக் போன்ற தளங்களில் வாசகர்கள் மாதந்தோறும் ஒரு தொகை செலுத்தி எழுத்தாளரைத் தாங்குகின்றனர். வள்ளல் ஒருவர் இருந்த இடத்தில் இங்கே சிறு வள்ளல்கள் நூறு பேர் இருக்கின்றனர். சங்கப் பரிசிலுக்கு மிக நெருங்கியது இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் மாதம் தவறாமல் உணர்ச்சி வசப்பட வேண்டிய கட்டாயம் இதன் மறுபக்கம்.

விளம்பரம் மூன்றாம் வழி. யூடியூபில் கவிதையை வாசித்துக் காணொளியாக வெளியிடுபவர், விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களையும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையையும் (அல்லது குறுங்காணொளிகளுக்கென விதித்த அளவையும்) எட்ட வேண்டும். இங்கே வாசகர் காசு கொடுப்பதில்லை. அதனால் தூய வழிபோலத் தோன்றும். உண்மையில் விற்கப்படுவது கவிதையும் அன்று. வாசகரின் கவனமே விளம்பரதாரருக்கு விற்கப்படுகிறது. கவிதை தூண்டிலில் கோத்த இரையாக மாறும் இடர் இங்குதான் மிகுதி.

இவ்வழிகளால் எவரும் உயரவில்லை என்று சொல்ல மாட்டோம். பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்த ரூபி கவுர் இன்ஸ்டாகிராமில் சிறு கவிதைகளை வெளியிட்டு வாசகர்களைப் பெற்றவர். 2014இல் தாமே வெளியிட்ட 'மில்க் அண்ட் ஹனி' என்ற நூலை 2015இல் ஒரு பதிப்பகம் ஏற்று வெளியிட, அது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. ஆனால் அவர் ஒருவரைக் காட்டி ஆயிரம் பேருக்கு ஆசை ஊட்டுவது நேர்மையாகாது. கவிதையால் குடும்பம் நடத்துவோர் எந்த நாட்டிலும் மிகச் சிலரே. ஆசிரியப் பணியை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கும் பிள்ளைக்கு, வேதநாயகம் பிள்ளையின் முன்சீப் நாற்காலியை நினைவூட்டுவது நம் கடமை.

கூலி தகும் என்று ஏற்றுக்கொண்ட பின்னும் மூன்று இடர்கள் எஞ்சுகின்றன.

முதலாவது, பணம் கவிதைக்குப் பின்னே வராமல் உள்ளே நுழைந்துவிடுவது. தந்தையின் மறைவைப் பற்றிய கவிதைக்குப் பணம் வந்தது. அடுத்த வாரம் மகிழ்ச்சியைப் பற்றி எழுதியதை எவரும் சீண்டவில்லை. மூன்றாம் வாரம் மீண்டும் ஒரு சாவை எழுதக் கை துடிக்கிறது. இல்லாத துயரத்தை வரவழைக்கும் அந்த நொடியில், உழைப்புக்குக் கூலி பெற்றவர் பொய்க்கு விலை பெறுபவர் ஆகிறார். பிறர் கேட்டு எழுதித் தருவதில் தவறில்லை. திருமண வாழ்த்து மடல்கள் நம் ஊர்களில் அப்படித்தான் எழுதப்பட்டன. பிறருடைய தாய்க்கு இரங்கற்பா எழுதுபவர் அந்தத் தாயைப் பற்றிக் கேட்டறிந்து எழுதினால் அது தொண்டு. பெயரை மட்டும் மாற்றிப் பத்துத் தாய்மாருக்கு அதையே விற்றால் அது மோசடி. இன்று கணினியே நொடிப்பொழுதில் கவிதைபோன்ற ஒன்றைச் செய்து தருகிறது. அத்தகைய நூல்கள் பெருகியதால், ஒருவர் ஒரு நாளில் வெளியிடும் புதிய நூல்களை மூன்றுக்குள் நிறுத்தும் நிலை 2023இல் கிண்டில் தளத்துக்கே ஏற்பட்டது. ஒரு நாளில் மூன்று நூல்! இயந்திரம் செய்ததைத் தம் கண்ணீர் என்று விற்பவர், உழைப்பும் இன்றி உண்மையும் இன்றிக் கூலி கேட்கிறார்.

இரண்டாவது, கவிஞரிடமே பொருள் பறிப்போர். போட்டிக்கு நுழைவுக் கட்டணம், தொகுப்பு நூலில் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு, சான்றிதழுக்கு இவ்வளவு, கேடயத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பவர்கள் இணையத்தில் மலிந்துள்ளனர். அவர்களுடைய உண்மையான வாசகர்கள் அத்தொகுப்பில் எழுதியவர்களே. வேறெவரும் அதை வாங்குவதில்லை. தன் பெயரை அச்சில் காணும் ஆவல் குற்றமன்று. அந்த ஆவலை அறுவடை செய்வது குற்றம். கவிதையைப் படிக்காமலே பாராட்டி அழைக்கும் கடிதம் வந்தால், பெருஞ்சித்திரனாரைப்போல் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

மூன்றாவது இடரைத்தான் தாயின் கேள்வி சுட்டுகிறது என்று பிறகு உணர்ந்தோம். மகளின் தந்தை, தாய்க்குக் கணவர். அந்தச் சாவு ஒருவருக்கு மட்டும் சொந்தமானதன்று. உழைப்பு மகளுடையது, ஆனால் மூலப்பொருள் வீட்டுப் பொதுச்சொத்து. தன் நெஞ்சைத் திறந்து காட்டக் கவிஞருக்கு உரிமை உண்டு. தாயின் நெஞ்சை, உடன்பிறந்தவரின் அவமானத்தை, பக்கத்து வீட்டாரின் கண்ணீரை அவர்கள் அறியாமல் எடுத்து உலகின்முன் வைக்க உரிமை உண்டா? அதற்குப் பணம் பெறாவிட்டாலும் இக்கேள்வி நிற்கும். பணம் வந்ததால் அது வெளியே தெரிந்தது, அவ்வளவே.

கவிஞரின் கடமைகளைச் சொன்ன நாம் வாசகரின் கடமைகளைச் சொல்லாது முடித்தால் அது அநீதி. பிறர் எழுதிய கவிதையைப் பெயரை நீக்கிவிட்டுப் புலனக் குழுக்களில் பரப்புவதை நாம் பாவமாகக் கருதுவதே இல்லை. அறச்செயலாகவே கருதிச் செய்கிறோம்! எழுதியவர் தம் பெயருக்கு உரிமை கோரலாம் என்பதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே ஏற்கிறது. 2012இல் அச்சட்டத்தில் வந்த திருத்தம், திரைப்பாடல் எழுதுவோரின் உரிமத்தொகையை எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கத்துக்குத் தடை விதித்தது. சட்டம் கண்ட நீதியை நம் மனச்சான்று இன்னும் காணவில்லை.

திருத்தூதர் பவுல் இங்கு நமக்குப் பாடமாகிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், நற்செய்திப் பணியால் பிழைக்கத் தமக்கு உரிமை உண்டு என்று விரிவாக நிலைநாட்டுகிறார். நிலைநாட்டிய பின்னரே, அவ்வுரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். கூடாரம் செய்து உண்டவர் அவர். உரிமையை ஏற்றுக்கொண்ட இடத்தில்தான் துறவுக்குப் பொருள் உண்டு. கவிஞர் தாமே இலவசமாகத் தந்தால் அது கொடை. நாம் இலவசமாக எதிர்பார்த்தால் அது சுரண்டல். விழா மேடைகளுக்கும் ஆண்டு மலர்களுக்கும் கவிதை கேட்டு வாங்கிவிட்டுப் பேருந்துக் கட்டணமும் தராத வழக்கம் நம் பங்குகளிலும் அமைப்புகளிலும் உண்டு. ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கிறோம், பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம், கவிஞருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். நம்மைப் போன்ற சிற்றிதழ்களும் இதில் குற்றமற்றவை அல்ல என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பொருளைக் குறிக்கத் தமிழில் விலை, கூலி, பரிசில் என்று பல சொற்கள் உண்டு. நம் கோவில்களில் நாள்தோறும் வழங்கும் இன்னொரு சொல் காணிக்கை. இறந்தோருக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் காணிக்கை அளிக்கிறோம். அது திருப்பலியின் விலையன்று. வணிகத்தின் சாயல்கூட அதில் படியலாகாது என்று திருச்சபைச் சட்டத்தின் 947ஆம் விதி எச்சரிக்கிறது. ஆயினும் அதைப் பெறும் குருவை எவரும் வணிகர் என்பதில்லை. 'காண்' என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. கண்டு அளிப்பது காணிக்கை. பெருஞ்சித்திரனார் எதிர்பார்த்ததும் அதுதானே? முகமறியாத அந்த வாசகர் அனுப்பிய 500 ரூபாயும் கவிதைக்கு விலையன்று. அவர் கவிதையைக் கண்டார், அதில் தம் தந்தையையும் கண்டார், கண்டதற்கு அளித்தார்.

இதையெல்லாம் அந்த ஆசிரியைக்கு எழுதினோம். முதலில் கவிதையைத் தாயிடம் வாசித்துக் காட்டுமாறும் வேண்டினோம். சில வாரங்களில் பதில் வந்தது.

வாசிக்கக் கேட்ட தாய் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு, தந்தை பட்ட கடனைக் குறித்த ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னாராம். பலரும் பாராட்டிய வரி அது. மகள் மறுபேச்சின்றி எடுத்துவிட்டார். பணம் அனுப்பியவர் யார் என்று தாய் கேட்டார். தெரியாது, அவரும் தகப்பனை இழந்தவர் என்று மட்டும் தெரியும் என்றார் மகள். "அப்ப அந்தப் பணத்த எடுத்து ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பூச வையி" என்றாராம் தாய்.

குமணனிடம் பெற்ற செல்வத்தோடு வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், உறவினருக்கும் பசித்தபோது கடன் தந்தோருக்கும் இன்னார் என்று பாராமல் எல்லாருக்கும் கொடு, என்னிடம் கேட்கவும் வேண்டாம் என்று மனைவியிடம் கூறியதாகப் புறநானூற்றின் 163ஆம் பாடல் சொல்கிறது. முகம் பாராத பரிசிலை மறுத்த அதே புலவர்தான் இவர். அந்தத் தாய் புறநானூறு படித்தவர் அல்லர்.

மின்னூல் இன்னும் வெளிவரவில்லை. வரும் என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். மாலையில் வேலை முடிந்தபின் தாயும் மகளும் ஒவ்வொரு கவிதையாக வாசித்து வருகின்றனர்.